அறுபட்ட சங்கு: கொற்கையில் தொடங்கி டாக்காவில் நிலைத்த ஒரு கைத்தொழில்

1. கேள்வி

சங்கு என்றதும் தமிழருக்கு நினைவுக்கு வருவது ஊதுகிற சங்கு. அதற்கடுத்தது குழந்தைக்குப் பால் புகட்டுகிற சங்கு. திருமாலின் இடக்கையில் அது இருக்கிறது. சாவு வீட்டில் சேகண்டியோடு சேர்ந்து ஒலிக்கிறது. முடிந்துபோன காரியத்தைக் கேலியாகச் சொல்லவும் ‘சங்கு ஊதியாயிற்று’ என்கிறோம். இந்தப் பயன்பாடுகளில் எல்லாம் சங்கு முழுசாக இருக்கிறது. முனையில் ஒரு துளை இடலாம், வெள்ளிப் பூண் கட்டலாம், அதற்கு மேல் அதை யாரும் தொடுவதில்லை. ஆனால் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் நூற்றாண்டுகளாகக் குளித்து எடுக்கப்பட்ட சங்குகளில் மிகப் பெரும்பங்கு, ஊதவோ பால் புகட்டவோ எடுக்கப்பட்டதல்ல. வாளால் அறுத்து வளையங்களாக்கிப் பெண்களின் மணிக்கட்டில் ஏற்றுவதற்காகவே அது எடுக்கப்பட்டது. அந்த அறுப்பு வேலை அண்மை நூற்றாண்டுகளில் தூத்துக்குடியிலோ கீழக்கரையிலோ யாழ்ப்பாணத்திலோ நடக்கவில்லை. முழுச் சங்குகள் மூட்டை கட்டப்பட்டு, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் டாக்காவுக்கும், கல்கத்தாவுக்கும், வங்கத்தின் உள்ளூர்களுக்கும் போயின.

எடையில் பாதிக்கு மேல் கழிவாகப் போகும் ஒரு பொருளை அப்படியே கப்பலேற்றுவது வணிகக் கணக்குக்கு ஒத்துவராத செயல். எடுத்த இடத்திலேயே அறுத்து வளையாக அனுப்பினால் சுமையும் குறையும், கூலியும் இங்கேயே தங்கும். ஒரு காலத்தில் இங்கே அறுக்கவும் செய்தார்கள். அதற்கு மண்ணிலும் பாட்டிலும் சான்று இருக்கிறது. அப்படியானால் சங்கறுக்கும் தொழில் தெற்கில் ஏன் மறைந்தது, வங்கத்தில் மட்டும் ஏன் நிலைத்தது? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான். படையெடுப்பு, கண்ணாடி வளையலின் வருகை, அரசின் ஏகபோகம் என்று சொல்லப்படும் காரணங்கள் ஒவ்வொன்றிலும் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது. ஆனால் வேர்க் காரணம், அந்த வளை இரண்டு சமூகங்களிலும் எதைக் குறித்தது என்ற வேறுபாட்டில் இருக்கிறது என்பது என் வாதம்.

2. ஓட்டின் உள்ளமைப்பு

விலங்கியலார் இந்தச் சங்கை டர்பினெல்லா பைரம் என்கிறார்கள். பைரம் என்பது பேரிக்காயைக் குறிக்கும் இலத்தீன் சொல். வடிவத்தைப் பார்த்து லின்னேயஸ் வைத்த பெயர். நெடுநாள் வழங்கிய சாங்கஸ் என்ற பேரினப் பெயரோ நம் சங்கிலிருந்தே ஐரோப்பாவுக்குப் போனது. இந்திய, இலங்கைக் கடலோரங்களுக்கே உரிய உயிர் இது. மணற்பாங்கான அடித்தளத்தில் குழாய்ப் புழுக்களைத் தின்று வாழ்கிறது. சங்கு குளிப்பவர்கள் ‘பூச்சி மணல்’ என்று சொல்வது இப்படிப் புழு மலிந்த மணலைத்தான். சங்கு எங்கே கிடைக்கும் என்ற அறிவு அந்த ஒரு சொல்லிலேயே அடங்கிவிடுகிறது. உயிருள்ள சங்கைப் பார்த்தால் கோயில் சங்கின் வெண்மை கண்ணுக்குப் படாது. தடித்த பழுப்புத் தோல் ஒன்று ஓட்டை மூடியிருக்கும். உள்ளிருக்கும் சதை அழுகி வெளியேறி, தோலும் உரிந்த பிறகே பீங்கான் போன்ற வெள்ளை தெரியும்.

இதன் இனப்பெருக்கமும் நம் கேள்விக்குத் தேவையானது. முட்டைகள் ஆட்டுக்கிடாயின் கொம்பு போல் முறுகிய, அறை அறையாகப் பிரிந்த ஒரு கூட்டில் வளர்கின்றன. கடற்கரையார் இதைச் ‘சங்குப் பூ’ என்கிறார்கள். பல கடல் நத்தைகளின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து நெடுந்தொலைவு போகும். சங்குக் குஞ்சு அப்படிப் போவதில்லை. கூட்டிலிருந்து ஊர்ந்து வெளிவந்து அதே மணலில் தங்கிவிடுகிறது. அதனால் இடத்துக்கு இடம் சங்கின் வடிவம் மாறுகிறது. மன்னார் வளைகுடாவின் நீண்ட முனைச் சங்கை ‘ஜாதி’ என்றும், ஆதம் பாலத்துக்கு வடக்கே கிடைக்கும் குட்டைச் சங்கைப் ‘பட்டி’ என்றும் வணிகர்கள் பிரித்தார்கள். எந்தக் கடலில் எடுத்தது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடிகிற பண்டம் இது.

இனி அறுப்பு. சங்கின் நடுவே தண்டு போல் ஓர் அச்சு ஓடுகிறது. அதன்மேல் தடித்த மடிப்புகள் மூன்று நான்கு இருக்கும். அச்சை உள்ளிருந்து உடைத்து நீக்கி, அகன்ற உடல் சுற்றைக் குறுக்கே அறுத்தால் வளையங்கள் கிடைக்கும். கூர்முனையும் அச்சும் வாய்ப்பக்கத் துண்டுகளும் கழிவு. நல்ல சங்கிலிருந்தும் அகலமான வளைகள் ஒருசிலதான் கிடைக்கும். கிடைக்கும் வளையமும் முழு வட்டம் அல்ல. சங்கு திருகிச் சுற்றுவதால் ஒரு சுற்று மறு சுற்றோடு சேருமிடத்தில் சிறு பிசகு இருக்கும். அரப்பா நாகரிகத்தின் சங்குத் தொழிலை ஆராய்ந்த ஜோனதன் மார்க் கெனோயர் இந்த இடத்தைக் கவனித்தார். அக்காலத்துச் சங்கு வளைகளில் அதே பொருத்துவாயில் ஆங்கில ‘வி’ எழுத்துப் போன்ற ஒரு கோட்டுச் செதுக்கு இருக்கிறது. பொருளின் குறையை அலங்காரமாக மாற்றிய கை அது. கட்ச் வளைகுடாவின் நாகேஷ்வரில் சங்குப் பட்டறைகள் இருந்தன. அதற்கும் முன்பே, கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே, பலூசிஸ்தானத்தின் மெஹர்கரில் புதிய கற்காலக் கல்லறைகளில் இதே இனச் சங்கின் வளைகள் கிடைத்துள்ளன. சங்கை ஊதக் கற்றதற்குச் சான்று தேடுவதற்கு முன்பே, அறுக்கக் கற்றதற்குச் சான்று நம் கையில் இருக்கிறது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

3. கொற்கைக் கழிவும் ஓர் அகப்பாட்டும்

தெற்கில் அறுப்புத் தொழில் இருந்ததை நவீன காலத்தில் வற்புறுத்திச் சொன்னவர் ஜேம்ஸ் ஹார்னெல். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய இவர் சங்கு வளைத் தொழில் பற்றி 1913இல் ஓர் ஆய்வும், இந்தியாவின் புனிதச் சங்கு பற்றி 1914இல் ஒரு நூலும் வெளியிட்டார். கொற்கையிலும் பழையகாயலிலும் நிலத்தின் மேற்பரப்பிலேயே அவர் பொறுக்கி எடுத்தவை முடிந்த வளைகள் அல்ல. வாள் பட்ட துண்டுகள். இந்த வேறுபாடு முக்கியமானது. முடிந்த வளை எங்கிருந்தும் வந்திருக்கலாம், யாரும் வாங்கி அணிந்திருக்கலாம். கழிவை யாரும் விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து கொட்டுவதில்லை. கழிவு கிடந்த இடமே பட்டறை இருந்த இடம். பின்னர் கொடுமணல், கீழடி போன்ற உள்நாட்டு ஊர்களில் கிடைத்த சங்கு வளைகள், இந்த அணி கடற்கரையோடு நின்றுவிடவில்லை என்று காட்டுகின்றன.

இலக்கியச் சான்றைப் பற்றி ஓர் ஐயம் எழுவது இயல்பு. சங்கப் பாடல்களில் தலைவியின் கைவளை கழன்றுகொண்டே இருக்கிறது. அது பிரிவுத் துயரைச் சொல்லும் மரபு. மரபாகிவிட்ட ஓர் உவமையை வைத்துத் தொழிலின் வரலாற்றை எழுதலாமா? வளை நெகிழ்வதை மட்டும் வைத்து எழுதக்கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் பாடல்களில் வேறு வகைச் சான்று இருக்கிறது. மதுரைக்காஞ்சி மதுரை வீதியின் கைவினைஞரை வரிசையாகச் சொல்லும்போது சங்கைப் பிளந்து கடைவோரையும் சேர்க்கிறது. குறுந்தொகையில் வளைக்கு வரும் ‘கோடீர்’ என்ற அடை, சங்கை ஈர்ந்து செய்தது என்று செய்முறையைச் சொல்லும் சொல். இவற்றையெல்லாம்விட வலுவானது அகநானூற்றின் 24ஆம் பாட்டு. பாடியவர் ஆவூர் மூலங்கிழார். தை மாதக் குளிரில் இன்னும் விரியாமல் முறுகி நிற்கும் பகன்றை மொட்டுக்கு அவர் ஓர் உவமை தேடுகிறார். வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் அரத்தால் அறுத்து வளைகளை எடுத்துக்கொண்ட பின் மிஞ்சிக் கிடக்கும் சங்கின் தலைப்பகுதியைப் போல அந்த மொட்டு இருக்கிறதாம்.

இந்த உவமையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வளையின் அழகைப் பாட ஒரு புலவன் பட்டறைக்குள் போகத் தேவையில்லை. வளை பெண்ணின் கையில் இருக்கிறது. கழித்துப் போட்ட கூர்முனை கையில் இல்லை. அது பட்டறைத் தரையில்தான் கிடக்கும். அது வெள்ளையாக, திருகலாக, அடியில் தட்டையாக அறுபட்டு இருக்கும். பகன்றை மொட்டுக்குப் பொருத்தமான வடிவமும் அதுவே. கேட்பவர்களுக்கும் அந்தக் கழிவு பழகிய காட்சியாக இருந்தால்தான் உவமை எடுபடும். ஹார்னெல் கொற்கையில் குனிந்து பொறுக்கிய வகைத் துண்டைத்தான் மூலங்கிழாரும் பார்த்திருக்கிறார். மரபுத் தொடர் என்று தள்ளிவிட முடியாத சான்று இது. பாட்டு இன்னொன்றையும் சொல்கிறது. அறுப்பவன் பார்ப்பான், ஆனால் வேள்வித் தொழிலை விட்டவன். பிறப்பால் வந்த தொழிலுக்கு வெளியே ஆள் வந்து சேரும் அளவுக்கு அந்த வேலைக்குத் தேவை இருந்தது என்று இதைக் கொள்ளலாம். பார்ப்பாருக்குள்ளேயே சங்கறுப்போர் தனிப் பிரிவாக இருந்தனர் என்று விரித்துப் பொருள் கொள்வோரும் உண்டு. ஓர் அடைமொழியின் மேல் அத்தனை பாரத்தை ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை.

மொழியும் சாட்சி சொல்கிறது. ‘வளை’ என்றால் பழந்தமிழில் சங்கு, கையணியும் வளைதான். ‘கோடு’ என்ற சொல்லும் சங்கைக் குறித்தது. மதுரைக்காஞ்சி கொற்கையில் வளையரின் சேரியைக் குறிப்பிடும்போது, அது சங்கு குளிப்போர் குடியிருப்பா, வளை அறுப்போர் குடியிருப்பா என்று சொல்லை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. உரை மரபு குளிப்போர் என்று கொள்கிறது. அந்தக் குழப்பமே கவனத்துக்குரியது: மூலப்பொருளுக்கும் செய்பொருளுக்கும் ஒரே பெயர் நிற்கும் சமூகத்தில் இரண்டுக்கும் இடையே தொலைவு அதிகம் இருந்திருக்காது.

4. வழக்கமான மூன்று காரணங்கள்

முதலாவது படையெடுப்பு. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டிய நாடு குலைந்தது, துறைமுகங்கள் சிதைந்தன, அதோடு தொழிலும் போயிற்று என்பது வாதம். இதை ஏற்க முடியாததற்குக் காரணம் வங்கமே. அங்கும் ஆட்சி மாறியது, அந்த மாற்றம் சங்கு வணிகத்தையும் தொட்டது. கோவாவில் இருந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் வெளியிட்ட நூலில், வங்கத்தைப் பட்டாணியர் பிடித்தபின் சங்கு வளைக்கான தேவை குறைந்து விலையும் சரிந்தது என்ற செய்தி இருக்கிறது. ஆனாலும் தொழில் சாகவில்லை. அடுத்த நூற்றாண்டில் வந்த பிரெஞ்சு வணிகர் டாவெர்னியே, பாட்னாவிலும் டாக்காவிலும் ஆமையோட்டிலும் கடற்சங்கிலும் வளை செய்வோர் 2,000 பேருக்கு மேல் என்கிறார். அடி விழுந்த இரண்டு இடங்களில் ஒன்று எழுந்து நின்றது, மற்றொன்று எழவில்லை என்றால், விளக்க வேண்டியது அடியை அல்ல, எழுந்ததைத்தான். அன்றியும், பாண்டிய நாட்டில் முத்துக் குளித்தலும் சங்கு குளித்தலும் அந்தக் குழப்பத்தைத் தாண்டி வாழ்ந்தன. கடலில் இறங்குபவன் தப்பிக்க, கரையில் அறுப்பவன் மட்டும் அழிந்தான் என்பதற்குப் படையெடுப்பு எப்படிக் காரணமாகும்?

இரண்டாவது, கண்ணாடி வளையல். மலிவானது, பல நிறம் கொண்டது, உடைந்தால் கவலையில்லை. சங்கு வளையை இது பின்தள்ளியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கண்ணாடி வங்கத்துக்கும் போயிற்று, அங்கே அது சங்கைத் தள்ளவில்லை. ஒரே மாற்றுப் பொருள் ஓரிடத்தில் வெல்கிறது, வேறிடத்தில் தோற்கிறது. ஆக, கண்ணாடி விளக்கத்தின் தொடக்கமே தவிர முடிவல்ல.

மூன்றாவது, அரசின் ஏகபோகம். சங்கின் மேல் அரசுக்கு உரிமை என்பது பழைய கருத்து. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் சங்கு, முத்து, பவளம் ஆகியவற்றைச் சுரங்க அதிகாரியின் பொறுப்பில் வைக்கிறது. தெற்கே பாண்டியரும், அவர்களுக்குப்பின் கடற்கரையை ஆண்டோரும், 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரரும், பின் ஆங்கிலேயரும் இந்த உரிமையை விடவில்லை. இராமநாதபுரக் கரையில் சேதுபதிகளுக்குத் தனி உரிமை இருந்தது. பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் மூச்சடக்கி இறங்கி எடுப்பார்கள். அரசு எண்ணிக்கைக்கு விலை கொடுத்து வாங்கி, மொத்தமாக வணிகருக்கு விற்கும். முழுச் சங்கு அரசுக்கு வசதியான பொருள். கரையில் குவித்து எண்ணலாம், தரம் பிரிக்கலாம், ஏலம் விடலாம். அறுத்த வளையை அப்படிக் காவல் காக்க முடியாது. ஒரு சங்கிலிருந்து எத்தனை வளை எடுத்தான் என்று எந்தக் கணக்குப்பிள்ளை பார்ப்பான்? ஆகவே ஏகபோகம், பட்டறைக்கும் கடலுக்கும் இடையே ஒரு சுவரை எழுப்பியது உண்மை. ஆனால் ஏகபோகம் தேவையை உண்டாக்காது, அழிக்கவும் செய்யாது. தெற்கில் வளைக்கு வாங்குவோர் இருந்திருந்தால், ஏலத்தில் எடுத்த கீழக்கரை வணிகர் கல்கத்தா வரை போக வேண்டிய தேவை என்ன? உள்ளூரிலேயே அறுக்கக் கொடுத்திருப்பார். சுவர் ஏற்கெனவே வெறிச்சோடிய முற்றத்தைத்தான் மறைத்தது.

5. அணியும் அடையாளமும்

வங்கத்தில் ஷாங்கா எனப்படும் வெள்ளைச் சங்கு வளை, மணமான இந்துப் பெண்ணுக்கு உரியது. சிவப்பு நிறப் போலா வளையும் ஓர் இரும்பு வளையும் அதனோடு சேரும். கன்னிப் பெண் அதை அணிவதில்லை. கணவன் இறந்தால் அது கழற்றப்படுகிறது அல்லது உடைக்கப்படுகிறது. அதாவது அந்த வளை ஒரே ஒரு செய்தியைச் சொல்கிறது, அந்தச் செய்தியை அங்கே கழுத்தில் ஒரு தாலி சொல்வதில்லை. இப்படி ஒரு நிலையைக் குறிக்கும் பொருள், விலை குறைவான வேறொன்று வந்ததும் விலகிவிடாது. கண்ணாடி வளையல் அழகாக இருக்கலாம், ஷாங்காவின் வேலையைச் செய்யாது.

சங்க காலத் தமிழகத்தில் நிலைமை வேறு. வளை பெண்மையின் அணி. மணமான பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. களவொழுக்கத்துத் தலைவியின் கையிலும் அது இருக்கிறது, சிறுமியர் கையிலும் இருக்கிறது. கைம்பெண்கள் தொடி கழித்ததைப் புறநானூறு சொல்கிறது என்பதை இங்கே எதிர்வாதமாகக் காட்டலாம். ஆம், அவர்கள் வளையைக் களைந்தார்கள். ஆனால் அதோடு பிற அணிகளையும் களைந்தார்கள், கூந்தலையும் களைந்தார்கள். அணி என்ற மொத்த வகையையே துறந்தார்கள். அந்தத் துறவில் சங்கு வளைக்கெனத் தனி இடம் இல்லை. பாடல்களிலேயே பொன் தொடியும் உண்டு. தொடி பொன்னா சங்கா என்பது செல்வத்தின் வேறுபாடு, நிலையின் வேறுபாடன்று. அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்கள் திருமணச் சடங்கை விரிவாகச் சொல்லியும் தாலியைச் சொல்வதில்லை என்பது பழைய விவாதப் பொருள். அங்கே சங்கு வளை மண அடையாளமாக ஏற்றப்படுவதும் இல்லை என்பதை விவாதித்தவர்கள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. பின்னர் மண அடையாளம் ஒன்று தெற்கில் நிலைபெற்றபோது அது கழுத்தில் ஏறியது. கை, விருப்பப்படி அணியும் இடமாகவே நின்றது. விருப்ப அணிக்கான சந்தையில் சங்கு பொன்னோடும் கண்ணாடியோடும் போட்டியிட வேண்டியிருந்தது. மேலே பொன்னும் கீழே கண்ணாடியும் இருக்க, நடுவில் சங்குக்கு இடமில்லாமல் போயிற்று.

இந்த விளக்கம், முதலில் எழுப்பிய கப்பல் கணக்கையும் தீர்க்கிறது. அடையாள வளை அளவெடுத்து ஏற்ற வேண்டிய பொருள். சங்கு வளையாது, கைப்பிடியைக் கடந்து மணிக்கட்டில் இறங்கும் அளவுக்குப் பெரிதாகவும், கழன்று விழாத அளவுக்குச் சிறிதாகவும் இருக்க வேண்டும். அதை அறுத்து ஏற்றிவிடும் ஷாங்காரி என்ற தொழிலாளி மணச் சடங்கின் ஓர் அங்கமாகவே இருந்தான். ஆகவே அறுப்பவன் மணப்பெண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும், கடலுக்கு அருகில் அல்ல. டாக்காவின் ஷாங்காரி பஜார் இப்படி ஒரு சாதியின் தெருவாகவே உருவானது. அறுப்பவன் தரையில் உட்கார்ந்து, சங்கைக் கால்களுக்கிடையே இறுக்கிக்கொண்டு, பிறை வடிவக் கனத்த இரும்பு வாளை இரு கையாலும் இழுப்பான். வெள்ளைப் பொடி அவன் மேலெல்லாம் படியும். அறுத்த வளையத்தின் உட்புறத்தை, அரக்கில் மணல் பதித்த கோலில் மாட்டித் தேய்ப்பான். 1947இல் நாடு பிரிந்தபோதும், 1971 மார்ச்சில் பாகிஸ்தான் இராணுவம் அந்தத் தெருவைத் தாக்கியபோதும் பலர் மேற்கு வங்கத்துக்குப் பெயர்ந்தார்கள். தொழில் அவர்களோடு போயிற்று. சங்கு மட்டும் முன்போலவே தெற்கிலிருந்து வந்தது.

6. புனிதம் காரணமாகுமா?

என் விளக்கத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய மிக வலுவான வாதம் ஒன்று உண்டு. தெற்கில் சங்கு திருமாலின் கைப்பொருள். அதை அறுப்பதே பாவம் என்ற எண்ணம் வளர்ந்து, அதனால் தொழில் நின்றிருக்கலாம் அல்லவா? இந்த வாதம் காலவரிசையில் தடுக்கி விழுகிறது. திருமால் வலம்புரி ஏந்திய கோலம் முல்லைப்பாட்டிலேயே உண்டு. அதே காலத்தில்தான் வேள்வி விட்ட பார்ப்பான் சங்கை அறுத்துக்கொண்டிருக்கிறான். வழிபாடும் வாளும் ஒன்றையொன்று தடுக்கவில்லை. வங்கத்திலும் இதே நிலைதான். பூசை அறையில் ஊதுவதும் சங்கு, கையில் அணிவதும் சங்கு.

புனிதம் எந்தச் சங்கைத் தொட்டது என்றும் பார்க்க வேண்டும். ஆயிரம் இப்பி சூழ ஓர் இடம்புரி, ஆயிரம் இடம்புரி சூழ ஒரு வலம்புரி, ஆயிரம் வலம்புரி சூழ ஒரு சலஞ்சலம், ஆயிரம் சலஞ்சலம் சூழ ஒரு பாஞ்சசன்னியம் என்பது பழைய கணக்கு. விலங்கியலாக இதற்குப் பொருளில்லை. சலஞ்சலமும் பாஞ்சசன்னியமும் எந்த வலையிலும் விழுந்ததில்லை. ஆனால் மதிப்பு எங்கே வைக்கப்பட்டது என்பதை இக்கணக்கு தெளிவாகச் சொல்கிறது. ஆயிரம் ஆயிரமாக மேலே ஏறிப் போகும் இந்தச் சங்குப் படிகளில் இடம்புரி அடியில் நிற்கிறது, கடலில் எடுக்கும் சங்கெல்லாம் ஏறத்தாழ அந்த இடம்புரிதான். வலம்புரி என்பது அதே இனத்தில் சுழற்சி மாறிப் பிறக்கும் அரிய பிறவி. இங்கே ஒரு சொற்குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். விலங்கியலார் சாதாரணச் சங்கை வலஞ்சுழி என்றும் நம் வலம்புரியை இடஞ்சுழி என்றும் எழுதுவார்கள். அவர்கள் கூர்முனையை மேலே நிறுத்திப் பார்க்கிறார்கள், அப்போது வாய் வலப்பக்கம் திறக்கும். நாம் முனையைக் கீழே வைத்துப் பார்க்கிறோம், வாய் இடப்பக்கம் வரும். சங்கு ஒன்றுதான், பிடிக்கும் கை வேறு. வலம்புரியின் விலை அமெரிக்கக் கடலோரத்தின் வேறொரு நத்தையையும் நம் பூசையறைக்குக் கொண்டுவந்துவிட்டது. அந்த இனத்தில் இடஞ்சுழிதான் இயல்பு. வாய்க்குள் அச்சின்மேல் மடிப்புகள் இல்லையென்றால் அது நம் சங்கே அல்ல. வாங்குவோர் ஒரு முறை உள்ளே பார்த்தால் போதும்.

வழிபாட்டுச் சங்கு பரம்பரையாகப் பத்துத் தலைமுறை இருக்கும். வளை உடையும், ஒவ்வொரு மணப்பெண்ணுக்கும் புதிதாக வேண்டும். கடலிலிருந்து ஆண்டுதோறும் குவியல் குவியலாகச் சங்கை இழுத்துக்கொண்டிருந்தது வளைதான். அரசின் விதிமுறையிலேயே இதற்குச் சான்று உண்டு. சிறு சங்குகளை எடுக்கக்கூடாது என்று மன்னார் வளைகுடாவில் வைத்த கீழ்வரம்பு, நீளத்துக்கோ எடைக்கோ வைத்ததல்ல, குறுக்களவுக்கு வைத்தது. 57 மில்லிமீட்டர், அதாவது பழைய கணக்கில் இரண்டேகால் அங்குலம். குஞ்சைக் காப்பது மட்டும் நோக்கமென்றால் நீளத்தை அளந்திருக்கலாம். ஊதும் சங்குக்கும் நீளமே பார்வைக்கு முதலில் படும். குறுக்களவு வளையின் அளவு. தூத்துக்குடிக் கரையில் சங்கை அளந்த கருவி, வங்கத்துப் பெண்ணின் மணிக்கட்டையே அளந்துகொண்டிருந்தது.

7. நெகிழி ஷாங்கா

ஓர் எதிர்ப்பு மிச்சமிருக்கிறது, அது இன்றைய வங்கத்திலிருந்தே வருகிறது. வெள்ளை நெகிழியில் செய்த ஷாங்கா கடைகளில் கிடைக்கிறது. அன்றாட வேலைக்கு அதை அணிவோர் உண்டு. அடையாளப் பொருளுக்கு மாற்று வராது என்றால் இது எப்படி வந்தது? என் வாதத்தைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாற்ற முடியாதது வளையின் வடிவமும் வெண்மையும் பெயரும். பொருளை மாற்றலாம், மாற்று தன்னைச் சங்காகவே காட்டிக்கொள்ளும் வரை. தெற்கில் வந்த கண்ணாடி வளையல் அப்படிச் செய்யவில்லை. அது பச்சையும் சிவப்புமாக, கண்ணாடியாகவே வந்து, கண்ணாடியாகவே வென்றது. சங்கைப் போல நடிக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை, ஏனெனில் சங்கைத் தேடிக்கொண்டிருந்த கை அப்போது தெற்கில் இல்லை. வங்கத்து நெகிழியிலோ, உண்மைச் சங்கு வளையில் பிசகை மறைக்கப் போடும் செதுக்கு வேலைப்பாடு கூட அச்சில் வார்த்துத் தரப்படுகிறது, மறைக்க வேண்டிய பிசகு எதுவும் அங்கே இல்லாதபோதும்.